போஸ் குடுக்காதேன்னு சொல்ல நீ யாரு?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஏழெட்டுப் பேர் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். எங்கே? தங்கள் அடுக்குமாடி வரவேற்பறைக்கா? சேரிக்கு, மீனவர் குப்பத்துக்கு, துணி வெளுக்கும் துறைக்கு, சுடுகாட்டுக்கு. (கோயில் தேரும் எடுக்கிறார்கள்தான். ஆனால் தேர் இழுக்கிறவர் வீட்டு அடுப்படிக்குள் நுழைவதில்லை. நம் அடுப்படி என்றால் கதவே தேவையில்லை.) மாதக் கடைசியில் கூட்டம். அறையை இருட்டாக்கித் திரையில் படத்தைப் போடுகிறார்கள். ஒருவர் படத்தை இன்னொருவர் விமர்சிக்கிறார். அமெச்சூர் கலை, பொழுதுபோக்கு என்கிறார்கள்.

இப்படியான கூட்டங்களில் பல மாதம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஷட்டர், அப்பெர்ச்சர் எல்லாம் பொறுமையாகவே சொல்லிக் கொடுத்தார்கள். அதில் குறை இல்லை. குறை அவர்கள் பேசாமல் விட்டதில்.

ஒரு நாள் ஒரு படம் வந்தது. பாதாளச் சாக்கடைக் குழிக்குள் மார்பளவு கறுப்புத் தண்ணீரில் ஒருத்தர் நிற்கிறார், அண்ணாந்து பார்க்கிறார். இருபது நிமிஷம் விவாதம். கண் நல்ல ஷார்ப், மூன்றில் ஒரு பங்கு விதிப்படி முகம் சரியான இடத்தில் இருக்கிறது, கறுப்பு வெள்ளையாக்கினால் இன்னும் பேசும். கடைசியில் மூத்தவர் ஒருவர், வலது ஓரத்து வாளி கவனத்தைச் சிதறடிக்கிறது, அதை வெட்டிவிடலாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்த வாளிதான்யா சாட்சி! மனிதரை இறக்கி, வாளியில் கசடு அள்ளியிருக்கிறார்கள் என்பதற்கு அது ஒன்றுதான் தடயம். கையால் மலம் அள்ளவைப்பதை 1993இலேயே சட்டம் தடை செய்தது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடைக்குள் இறக்குவதையும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்றது. அப்படியானால் திரையில் ஓடுவது ஒரு குற்றத்தின் படம். இறக்கியது யார்? அவர் பேர் என்ன? ஏறி வந்தாரா? கேட்டேன். "இங்க அரசியல் வேண்டாமே, படத்தை மட்டும் பேசுவோம்" என்றார்கள். வாளியை வெட்டுவது அரசியல் இல்லையாம், வாளி எதுக்குன்னு கேட்டா அரசியலாம்.

இதே குழிகளை எம். பழனிகுமாரும் எடுத்திருக்கிறார். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். சாவு விழுந்த வீட்டில் போய் உட்கார்ந்து எடுத்தவர். தூய்மைப் பணியாளர் பிள்ளைகள் கையிலேயே கேமராவைக் கொடுத்துப் பழக்குகிறவர். அந்தப் படங்களிலும் ஒளி இருக்கிறது, அமைப்பு இருக்கிறது. படம் எடுத்தவர் யார் பக்கம் நிற்கிறார் என்பதும் தெரிகிறது.

அடுத்தது, இந்த 'இயல்பு' என்கிற விவகாரம். நம் கிழவி கேமராவைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்து, முடியை ஒதுக்கி, நிமிர்ந்து நிற்கிறாள். அமெச்சூர் நண்பருக்கு முகம் சுருங்குகிறது. "பாட்டி, என்னைப் பாக்காதீங்க, நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க." போஸ் கொடுத்த படம் என்றால் கூட்டத்தில் மதிப்பெண் குறையும். அவர்களுக்கு வேண்டியது சுருக்கம், கண்ணீர், கிழிசல்.

போஸ் என்பது நமக்கு என்ன தெரியுமா? ஊரில் துண்டை இடுப்பில் கட்டி ஒதுங்கி நின்ற தாத்தா, டவுன் ஸ்டுடியோவுக்குப் போய், அங்கே வைத்திருந்த கோட்டைப் போட்டு, பவுடர் பூசி, நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். ஊருக்குள் உட்காரமுடியாத நாற்காலி! அந்தப் படம் பொய் என்கிறான், குனிந்து நிற்பதுதான் இயல்பு என்கிறான். அண்ணல் அம்பேத்கர் கோட்டும் டையுமாக நம் சுவரில் நிற்பது ஏன் என்று யோசித்தால் இது விளங்கும். அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸ், கேமரா முன் திரும்பத் திரும்ப உட்கார்ந்தார். விறைப்பாக, பெரும்பாலும் சிரிக்காமல். நூற்றறுபது படங்கள் வரை இன்று அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. கறுப்பரைக் கேலிச்சித்திரமாக வரைந்த நாட்டில் அது அவர் நடத்திய சண்டை.

குனிந்த உடம்பைத் தேடுவது பழைய வேலை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நம் மூக்கையும் மண்டையையும் அளந்தார், படமும் எடுத்தார். 1909இல் ஏழு தொகுதியாகத் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் அச்சில் வந்தன. ஆட்களுக்குப் பேர் இல்லை, சாதிக்குத்தான் பேர். இன்றைக்குக் கூட்டத்தில் 'முதுமை', 'உழைப்பு', 'வறுமை' என்று தலைப்பு வைக்கிறார்களே, அங்கே மட்டும் பேர் இருக்கிறதா?

கருவியும் சும்மா இல்லை. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கணக்குப் போடும். வெளுத்த வானத்துக்கு முன்னால் கறுத்த முகம் நின்றால், வானத்துக்குக் கணக்குப் போட்டு முகத்தை இருட்டில் தள்ளும். எடுக்கிறவர் கையால் திருத்தலாம். முகத்தில் அளந்தால் போதும். திருத்தாமல் விட்டு 'ஆகா, நிழலுரு' என்று கைதட்டுகிறார்கள். வண்ணப்பட அச்சுக்கூடங்களில் பல்லாண்டு காலம் சரிபார்க்கக் கோடாக் கொடுத்த 'ஷெர்லி' அட்டையில் இருந்தவள் வெள்ளைக்காரி. அவள் தோல் சரியாக வந்தால் படம் சரி. இப்போது செல்போனே கேட்காமல் நம்மை வெளுப்பாக்குகிறது.

தோழர்களே, கேமராவை விட்டுவிடச் சொல்லவில்லை. நம்ம பசங்களும் இன்று நல்ல போன் வைத்திருக்கிறார்கள். அவர்களிலும் சிலர் பாராட்டு வாங்கத் தன் ஆத்தாளையே அழவைத்து எடுப்பதைப் பார்க்கிறேன். நாங்கள் சிலர் எங்கள் தெருவிலேயே படம் போட்டுப் பேச ஆரம்பித்திருக்கிறோம். படத்தில் இருப்பவர் முன்வரிசையில் உட்காருவார், முதலில் அவர்தான் பேசுவார். போன தடவை ஒரு அம்மா தன் படத்தைப் பார்த்துக் கேட்டார்: "நா சிரிச்சதையும் எடுத்தியே, அது எங்க?" எடுத்த பையனிடம் பதில் இல்லை. பறையைத் தீயில் காய்ச்சும் படத்தைப் பார்த்த பெரியவர், "தீ அழகா இருக்கு, என் கை எங்கடா?" என்றார். எந்த வகுப்பிலும் இவ்வளவு சுருக்கமான விமர்சனம் கேட்டதில்லை.

அடுத்த கூட்டத்துக்கு வருகிறவர்கள் படத்தைக் காகிதத்தில் அச்சுப்போட்டு எடுத்துவாருங்கள், ரெண்டு பிரதி. ஒன்று படத்தில் இருப்பவர் வீட்டுக்கு. செலவு எடுத்தவருடையது.