கூலிக்காரனைக் கேட்காத விசாரணை

2024 ஆகஸ்டு 28ந் தேதி டில்லியிலுள்ள இந்தியப் போட்டிக் கமிஷன் ஓர் உத்தரவு போட்டது. முகேஷ் அம்பானியின் ரிலையன்ஸ் கம்பெனிக்குச் சொந்தமான டெலிவிஷன் வியாபாரமும், அமெரிக்காவின் வால்ட் டிஸ்னி கம்பெனி வைத்திருந்த ஸ்டார் இந்தியாவும் ஒன்றாகக் கலந்துகொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தது. நவம்பர் 14ந் தேதி காரியம் முடிந்தது. புதிய கம்பெனியின் மதிப்பு 70,352 கோடி ரூபாய். நூற்றுக்கு மேற்பட்ட சேனல்கள் அதன் கையில். பங்குகளில் நூற்றுக்கு 63க்கு மேல் ரிலையன்ஸ் வசம், மீதி டிஸ்னி வசம். தமிழ்நாட்டில் எதிரெதிர்க் கடைகளாக இருந்த விஜய் டி.வி.யும் கலர்ஸ் தமிழும் ஒரே கல்லாவுக்குள் போயின.

இதில் நமக்கென்ன என்று சில தோழர்கள் கேட்கலாம். ராஜபாளையத்து ஆலையில் இராத்திரி ஷிப்டு முடித்து வருகிறவருக்கும், சுந்தரபாண்டியத்தில் தறியை நிறுத்திவிட்டு எழுந்திருக்கிறவருக்கும், வத்திராயிருப்புப் பக்கம் நாற்று நட்டுவிட்டு இடுப்பு நிமிர்த்துகிற பெண்ணுக்கும் வீட்டில் ஒரு டெலிவிஷன் பெட்டி உண்டு, கையில் ஒரு போன் உண்டு. உலகம் அவர்களுக்கு அதன் வழியாகத்தான் வருகிறது. அந்த வழி யார் கையில் என்பது கூலி விஷயம் போலவே நம்முடைய விஷயம்.

கமிஷன் ஒன்றும் விசாரிக்காமல் கையெழுத்துப் போடவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். அது முக்கியமாகக் கண்ட சங்கடம் கிரிக்கெட். 2022இல் ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை ஏலத்துக்கு வந்தபோது டெலிவிஷன் உரிமையை ஸ்டாரும், இணைய உரிமையை ரிலையன்ஸ் பக்கத்து வயாகாம்-18ம் எடுத்தன. இரண்டும் சேர்ந்து சுமார் 47,000 கோடி ரூபாய். ஏலத்தில் மோதிய இருவரும் இப்போது ஒரே வீட்டுக்காரர். விளம்பர விலையை இவர்கள் இஷ்டம்போல் ஏற்றிவிட்டால்? ஆகவே கமிஷன் ஷரத்துகளை ஏற்கவைத்தது. டெலிவிஷன் விளம்பரத்தையும் இணைய விளம்பரத்தையும் சேர்த்துக் கட்டி, இரண்டையும் வாங்கினால்தான் தருவேன் என்று சொல்லக்கூடாது. கட்டணத்தை நியாயமில்லாமல் உயர்த்தக்கூடாது. ஏழு சேனல்களை விற்றுவிட வேண்டும்.

நல்ல ஷரத்துகள்தாம். ஆனால் யாருக்குப் பாதுகாப்பு? சோப்புக் கம்பெனிக்கும் குளிர்பானக் கம்பெனிக்கும். விளம்பரம் கொடுக்கிற முதலாளியை, விளம்பரம் போடுகிற முதலாளியிடமிருந்து காப்பாற்றியிருக்கிறார்கள். மாதாமாதம் கேபிளுக்குப் பணம் கட்டுகிற கூலிக்காரனுக்கு என்ன கிடைத்தது? இந்த உத்தரவுக்கு ஒன்றரை மாதம் முன்புதான், ஜூலை 8ந் தேதி, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், கேபிள் இணைப்புக்கு மாதம் 130 ரூபாய் என்றிருந்த அடிப்படைக் கட்டண உச்சவரம்பையே எடுத்துவிட்டது.

தொழிலாளிகளைப் பற்றியும் கமிஷன் கேட்கவில்லை, கேட்கச் சட்டத்தில் இடமுமில்லை. இரண்டு ஆபீஸ் ஒன்றானால் ஒரு பங்கு ஆள் வெளியே போவான் என்பதை நூற்பாலைத் தொழிலாளிக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2025இல் அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு வேலை போகிறது என்று செய்திகள் வந்தன.

கமிஷனை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. 2002ஆம் வருஷத்துப் போட்டிச் சட்டம் அதனிடம் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்றுதான்: மார்க்கெட்டில் போட்டிக்குக் கணிசமான பாதகம் உண்டா? ஜனங்களின் காதுக்கு எத்தனை குரல் எட்டும் என்று கேட்கச் சொல்லவில்லை. நூல் வியாபாரமும் பேச்சு வியாபாரமும் அதற்கு ஒரே சரக்கு.

அப்படிக் கேட்கவே முடியாதா? பிரிட்டன் முதலாளித்துவ நாடுதான். அங்கே ரூபர்ட் மர்டாக் ஸ்கை கம்பெனியை முழுக்க வாங்கப் போனபோது, செய்தித் துறையில் ஒரு குடும்பத்தின் கை மிதமிஞ்சிப் போகும், அது பொதுநலனுக்கு விரோதம் என்று அந்நாட்டுப் போட்டி அதிகாரிகளே 2018இல் சொன்னார்கள். அந்தச் சட்டத்தில் அந்தக் கேள்வி எழுதப்பட்டிருக்கிறது. இதே மர்டாக்தான் 1993 முதல் ஸ்டாருக்கு எஜமானர். அவரிடமிருந்து 2019இல் அது டிஸ்னிக்குக் கைமாறியது.

நம் நாட்டிலும் இது புதிய யோசனையல்ல. 1954இல் முதல் பத்திரிகைக் கமிஷன், பெரிய பத்திரிகைகள் சிறியவற்றை விழுங்காமலிருக்க விலைக்கேற்பப் பக்கத்தைக் கட்டுப்படுத்தச் சொன்னது. 1956இல் சட்டம் வந்தது. புனாவின் ‘சகால்’ பத்திரிகை வழக்குப் போட, சுப்ரீம் கோர்ட் 1961இல் அதை ரத்து செய்தது. தீர்ப்பில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். பக்கத்தை எண்ணும் அதிகாரம் சர்க்காரிடம் இருந்தால், நாளைக்கு நம்முடைய பக்கத்தைத்தான் முதலில் எண்ணுவார்கள். ஆனால் எழுத்தைக் கட்டுப்படுத்துவது வேறு, சொத்துக் குவிவதைத் தடுப்பது வேறு. 2014 ஆகஸ்டில் டிராய் இந்த வித்தியாசத்தை உணர்ந்துதான், பத்திரிகையும் டெலிவிஷனும் ஒரே கையில் குவிவதற்கு வரம்பு வேண்டும், பெரும் வியாபாரக் கம்பெனிகள் இத்துறையில் நுழைவதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று சிபாரிசு செய்தது. அது சட்டமாகவில்லை.

புதிய கம்பெனியில் செய்திச் சேனல் இல்லையே என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. வாஸ்தவம். செய்திச் சேனல்கள் நெட்வொர்க்-18 என்ற வேறு பெயரில் இருக்கின்றன. அதுவும் ரிலையன்ஸ் கையில்தான். நியூஸ்-18 தமிழ்நாடு அதைச் சேர்ந்தது. இவை எல்லாம் வந்து சேருகிற போன் இணைப்போ ஜியோ, அதுவும் ரிலையன்ஸ். 2022 டிசம்பரில் என்.டி.டி.வி. அதானி கைக்குப் போன கதையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கண்மாய் ஒருவனுடையது, மடை அவனுடையது, வாய்க்காலும் அவனுடையது என்றால் கடைசி வயல்காரன் கதி என்ன என்பது நம் ஊர் விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும். தண்ணீர் வராத வருஷத்தில் ‘மழை இல்லை’ என்றுதான் அவனுக்குப் பதில் வரும். ஆலையில் கதவடைப்பு நடந்தாலும், கூலி பாக்கி நின்றாலும், அது செய்தியாகாமல் போனால் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்றுதான் நாட்டுக்குப் பதில் போகும்.

பெரிய ஒலிபரப்புக் கம்பெனிகள் இனி இணையும்போது கமிஷன் மூன்று விஷயங்களையாவது கட்டாயம் விசாரிக்கும்படி பார்லிமெண்ட் சட்டத்தைத் திருத்த வேண்டும்: செய்தி எத்தனை கையில் இருக்கிறது, வேலை எத்தனை பேருக்குப் போகிறது, பார்க்கிறவன் என்ன கட்டணம் கட்டப்போகிறான். விசாரணையில் தொழிற்சங்கங்களும் கேபிள் நடத்துகிற சிறு ஆட்களும் பேச இடம் வேண்டும். டிராயின் 2014 சிபாரிசைத் தூசி தட்டி எடுத்துச் சட்டமாக்க வேண்டும். விருதுநகர் மாவட்டத்துச் சங்கக் கிளைகள் இந்த மூன்றையும் தீர்மானமாக்கித் தங்கள் எம்.பி.க்கு அனுப்பலாம். அதற்குப் பெரிய மாநாடு தேவையில்லை. ஆலை வாசலில் ஷிப்டு மாறுகிற பத்து நிமிஷம் போதும்.