வண்டியைத் தூக்குமுன் டேப்பை எடுங்கள்

பழைய ஜிப்ஸி ஒன்று வாசலில் வந்து நின்றுவிட்டால், இரண்டு மாதத்துக்குள் வீட்டில் ஒரு பேச்சு கிளம்பும். "இதை இரண்டு அங்குலம் தூக்கிவிட்டால் போதும், காடு மலை எங்கே வேண்டுமானாலும் போகலாம். செலவும் ஒன்றும் பிரமாதமில்லை!" பேச்சை ஆரம்பிப்பவர் கணவராக இருக்கலாம், கல்லூரியில் படிக்கும் பிள்ளையாக இருக்கலாம், வண்டி ஓட்டுகிறவரானால் நீங்களாகவே இருக்கலாம். யாராயிருந்தாலும் செலவாவது வீட்டுப் பணம். அதில் ஏறி உட்காரப் போவதும் வீட்டு மனுஷர்கள். ஆகவே இந்த வாரம் அடுப்படியைச் சற்று மறந்துவிட்டு, வண்டிக்கு அடியில் எட்டிப் பார்ப்போம், வாருங்கள்.

மாருதி ஜிப்ஸி 1985-ல் வந்தது. 2019-ல் பொதுமக்களுக்கு விற்பது நின்றுபோயிற்று. ஆனாலும் கார்பெட், ரந்தம்பூர் காடுகளில் புலி பார்க்கப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தக் காலத்து வில் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய எஃகுப் பட்டைகள்தான் அதற்கு வில். ஜிப்ஸியின் நான்கு சக்கரத்துக்கும் அதே மாதிரி ஸ்பிரிங் பட்டைதான்.

பட்டையில் வளைவு இருக்கிறவரையில் வண்டி நிமிர்ந்து நிற்கும். வருஷக்கணக்கில் பாரம் சுமந்தால் வளைவு தட்டையாகி வண்டி உட்கார்ந்துவிடும். ஆகவே பழைய வண்டி எவ்வளவு உயர வேண்டும் என்று கேட்பதற்கு முன், எவ்வளவு உயரத்தை இழந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இதற்கு மெக்கானிக் வேண்டாம். உங்கள் தையல் டேப் போதும். காலி வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து நேர்மேலே மட்கார்டு விளிம்பு வரைக்கும் நான்கு பக்கமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரில் காற்று குறைந்திருப்பது கணக்கைக் கெடுத்துவிடும். வலது பக்கத்துக்கும் இடது பக்கத்துக்கும் வித்தியாசம் இருந்தாலோ, பட்டை வளைவில்லாமல் பலகை மாதிரி கிடந்தாலோ, அது தொய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

தொய்ந்த பட்டைக்குப் பதில் அதே அளவில் புதுப் பட்டை போடுவது உத்தமம். கை கடித்தால், பழைய பட்டையையே அடித்து வளைவு ஏற்றித் தருவார்கள். ஆனால் ஒன்று. பாகுக்குப் பதம் உண்டு என்பது நமக்குத் தெரியும், எஃகுக்கும் உண்டு. பட்டையை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி வளைத்து, அப்படியே ஆறவிட்டால் பதம் போய்விடும். அது சீக்கிரமே தொய்யும், அல்லது ஒடியும். "காய்ச்சினால் மறுபடி பதம் ஏற்றுவீர்களா?" என்று பட்டறையில் தயங்காமல் கேளுங்கள்.

இதற்கு மேலும் உயரம் வேண்டுமென்றால் மூன்று வழிகள் சொல்வார்கள். பட்டை அடுக்கில் இன்னொரு பட்டை சேர்ப்பது ஒன்று. வண்டி உயரும், கூடவே குலுக்கலும் உயரும். ஷேக்கிளை நீளமாகப் போடுவது இன்னொன்று. இரண்டு அங்குல நீளம் கூட்டினால் வண்டி ஏறத்தாழ ஒரு அங்குலந்தான் உயரும். முன்பக்கத்தில் அச்சின் சாய்வும் மாறுவதால், ஸ்டீயரிங் முன்போல் தானாக நேருக்கு வராது. மூன்றாவது, அச்சுக்குக் கீழே இருக்கும் பட்டையை மேலே கொண்டுபோய் வைப்பது. இதில் ஐந்து அங்குலம் போல ஏறிவிடும். வெல்டிங், ஸ்டீயரிங் மாற்றம் என்று செலவும் அதற்குமேல் ஏறும். குடும்ப வண்டிக்கு இது வேண்டவே வேண்டாம்.

இத்தனை செய்தும், வண்டியின் நடு அச்சில் தொங்குகிறதே டிஃபரென்ஷியல் உருண்டை, அது ஒரு நூல்கூட உயராது! புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டால் புடவை நனையாது. கால் என்னவோ அதே சேற்றில்தானே? அச்சை உயர்த்தக்கூடியது பெரிய டயர் ஒன்றுதான். ஜிப்ஸி கிங்கில் வருவது 205/70 ஆர்15. அதற்குப் பதில் 215/75 ஆர்15 போட்டால் டயரின் குறுக்களவு 35 மில்லிமீட்டர் கூடும். அச்சு அதில் பாதி உயரும். பிறகு ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-ல் போய்க்கொண்டிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உயரத்துக்கு ஒரு விலை உண்டு. 1993-ல் ஜிப்ஸியின் இடது, வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தை 90 மில்லிமீட்டர் கூட்டினார்கள். அகலம் கூடினால் வண்டி ஊன்றி நிற்கும். நாம் செய்வதோ உயரத்தைக் கூட்டுவது. அதனால் திருப்பத்தில் குடை சாயும் அபாயம் அதிகமாகிறது. மேலே கேரியர் போட்டு மூட்டை ஏற்றினால் இன்னும் மோசம். ஆகவே ஒன்றரை, இரண்டு அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

அந்த இரண்டு அங்குலத்துக்குக்கூட நீளமான ஷாக் அப்சார்பர் தேவைப்படும். பிரேக் ஹோஸ் எட்டுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஜாக்கி வைத்துச் சட்டத்தைத் தூக்கி, சக்கரம் முழுக்கத் தொங்கும்போதும் அந்த ரப்பர்க் குழாய் விறைக்காமல் தளர்வாக இருக்க வேண்டும். விறைத்தால், பள்ளத்தில் இறங்கும்போது அறுந்து பிரேக்கே போய்விடலாம். ஜாயின்ட் ராடு அதிகச் சாய்வில் நின்று அதிர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கழற்றிய பழைய யு போல்ட்டையே திரும்ப மாட்டக்கூடாது. புதியதை மாட்டிச் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முடுக்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவையொட்டி, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. பதினைந்து வருஷம் கடந்த சொந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கும்போது பரிசோதனையும் உண்டு. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரர்களும் கேள்வி கேட்பார்கள். எனவே கை வைக்குமுன் ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரித்துவிடுவது நல்லது. இழந்த உயரத்தை அதே அளவுப் பட்டையால் மீட்பதில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

கையில் இருப்பது கொஞ்சம் பணந்தான் என்றால் செலவின் வரிசை இதுதான்: முதலில் தொய்ந்த பட்டை, அடுத்து பிரேக், மூன்றாவதாக நல்ல டயர். பிறகும் மிச்சமிருந்தால் உயரம். மணலில் போகும்போது டயர்க் காற்றைப் பதினெட்டு பவுண்டு வரை இறக்கிப் பாருங்கள். டயர் படர்ந்து, புதையாமல் போகும். தார் ரோட்டுக்கு வந்ததும் ஒரு சின்னப் பம்பால் மறுபடி ஏற்றிவிடுங்கள். காற்றை இறக்குவதற்கு எந்தப் பட்டறையும் பில் போடுவதில்லை!