துடியலூர் நிக்காது... ஏறாதீங்க!

இன்டர்னல் மார்க் எல்லாம் வந்துருச்சா? சரி, உங்க புண்ணைக் கிளற வேண்டாம். இந்த வாரம் என் புண்ணையே கிளறிக் காட்டுறேன். அம்மாவோட சீட்டுப் பணம் 5,000 ரூபாயைப் பத்தே நாள்ல நான் கரைச்ச சோகக் கதை இது!

நமக்கு ஊர் பெரியநாயக்கன்பாளையம். பெரியப்பா சின்னதா ஒரு லேத் பட்டறை வெச்சிருக்கார். மாவுக்கடைக்காரங்க, மெஸ்காரங்க எல்லாம் பெரிய கிரைண்டரோட ஸ்பேரைத் தூக்கிட்டு அங்கேதான் வருவாங்க. எல்லாருக்கும் ஒரே புலம்பல். "வியாபாரத்தைப் பார்ப்பேனா, கிரைண்டரைப் பார்ப்பேனா? கொஞ்சம் அசந்தா மாவு சூடேறிப் போகுதுங்க!"

நாமதான் ட்ரிபிள்-ஈ ஆச்சே, சும்மா இருப்போமா? நேரம் வெச்சா தானா மோட்டாரை நிறுத்தி, பெல் அடிக்கிற டைமர் பெட்டி ஒண்ணு செஞ்சேன். பெரியப்பா 20 பெட்டிக்குத் தகரக் கூடு அடிச்சுக் கொடுத்தார்.

விக்கணுமே? அதுக்கு ஒரு லேண்டிங் பேஜ். அதாவது, ஒரே பொருளைப் பத்திச் சொல்லி, 'வாங்குறீங்களா?'ன்னு ஒரே கேள்வி கேட்கிற ஒற்றைப் பக்கம். அதை ராத்திரியோட ராத்திரியா ரெடி பண்ணிட்டு, 5,000 ரூபாய்க்கு விளம்பரம் போட்டேன். 'யாருக்குக் காட்டணும்?'னு கேட்டுச்சு. 'கோயம்புத்தூர், சமையல்ல ஆர்வம் உள்ளவங்க'ன்னு தட்டி விட்டேன். வாசகம்? 'கிரைண்டர் உலகில் ஒரு புரட்சி!' (சிரிக்காதீங்க ப்ளீஸ்.)

பத்து நாள்ல 2,900 பேர் வந்தாங்க. எனக்குத் தரையில காலே பாவலை! பட்டறைக்கு ஓடிப்போய்ப் பீத்திக்கிட்டேன். பெரியப்பா டீயை உறிஞ்சிக்கிட்டே கேட்டார்: "செரி கண்ணு... அதுல எத்தனை பேரு பெட்டி வாங்குனாங்க?"

பூஜ்ஜியம்.

மொத்தம் வந்த போன் 11. ஆறு பேர் 'வேலை காலி இருக்குங்களா?'ன்னு கேட்டாங்க. நாலு பேர் வீட்டு கிரைண்டர் ரிப்பேருக்கு ஆள் கேட்டாங்க. ஒருத்தர் ராகி மாவு கிலோ என்ன விலைன்னு விசாரிச்சார். பாவம், அவங்க மேல ஒரு தப்பும் இல்லை. கூப்பிடக் கூடாதவங்களைக் கூப்பிட்டது நான்தான்!

இப்படி பல்பு வாங்கின எனக்கு, காந்திபுரத்துல பஸ்ஸுக்கு நின்னப்பதான் மண்டைக்குள்ள பல்பு எரிஞ்சுது. ஒரு கண்டக்டர் கத்திக்கிட்டு இருந்தார்: "காரமடை, மேட்டுப்பாளையம்... துடியலூர் நிக்காது, ஏறாதீங்க!"

கவனிச்சுப் பாருங்க. 'வாங்க வாங்க, அருமையான பஸ்'னு எந்தக் கண்டக்டரும் கத்துறதில்லை. ஊர் பேரைச் சொல்றார். அந்த ஊருக்குப் போறவங்க மட்டும் ஓடி வர்றாங்க. அதை விட முக்கியம், ஏறக் கூடாதவங்களையும் படிக்கட்டுலயே நிறுத்திடுறார். நான் கத்தினது 'அருமையான பஸ்' மட்டும்தான்!

எங்க ஊர்லயே இதுக்குப் பெரிய உதாரணம் இருக்கு. 1962-ல ஆரம்பிச்ச லட்சுமி மெஷின் ஒர்க்ஸ். நூற்பு இயந்திரத்தை வாங்கப் போறது நூற்பாலை வெச்சிருக்கவங்கதான். ரோட்டுல போற எல்லாருக்கும் நோட்டீஸ் கொடுத்து என்ன பிரயோஜனம்?

'அது இரும்பு காலம் பாஸ், இப்ப சாஃப்ட்வேர்!'னு சொல்றீங்களா? அதுக்கும் நம்ம கோயம்புத்தூர்லயே ஆள் இருக்கு. கோவை டாட் கோ கம்பெனியை ஆரம்பிச்ச சரவணகுமார். பெரிய கம்பெனிகள்ல ஒரு சாஃப்ட்வேரை இன்னொண்ணோட பேச வைக்கிறதுக்கு மைக்ரோசாஃப்ட்டோட பிஸ்டாக் சர்வர்னு ஒண்ணு உண்டு. உங்க க்ளாஸ்ல கேட்டுப் பாருங்க, ஒருத்தருக்கும் தெரியாது. உலகம் முழுக்கவே அதோட மல்லுக்கட்டுறவங்க கொஞ்சம் பேர்தான். சரவணகுமார் அவங்கள்ல ஒருத்தர். பிஸ்டாக்கை எப்படிச் சமாளிக்கிறதுன்னு பல வருஷம் எழுதிக்கிட்டே இருந்தார். அந்தச் சிக்கல்ல மாட்டினவங்க தேடி வந்து படிச்சாங்க. 2011-ல அதே ஆளுங்களுக்காக பிஸ்டாக்360-ஐ இறக்கினார். கடையைத் திறக்கும்போதே வாங்க வேண்டியவங்களுக்கு அவரைத் தெரிஞ்சிருந்தது! வெளியில முதலீடு வாங்காமலே வளர்ந்த அந்தக் கம்பெனி, 2025 ஆரம்பத்துல 140-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு 14 கோடி ரூபாய்க்கு மேல போனஸ் அறிவிச்சுது.

சென்னையில கிரிஷ் மாத்ருபூதம் கதையும் இதே ரூட்தான். 2010-ல ஜென்டெஸ்க் விலையை ஏத்தினப்போ, அதோட கஸ்டமர்கள் கடுப்பானதைப் படிச்சார். அதே வருஷம் ஃப்ரெஷ்டெஸ்க் பிறந்துச்சு. பொருள் வர்றதுக்கு முன்னாடியே, யார் வாங்குவாங்க, எதுக்காக வாங்குவாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அந்தக் கம்பெனிதான் ஃப்ரெஷ்வொர்க்ஸா வளர்ந்து, 2021-ல நாஸ்டாக்ல ஏறிச்சு.

சரி, நம்ம தகரப் பெட்டிக்கு வருவோம். மிச்சமிருந்த பாக்கெட் மணி 600 ரூபாயோட ரெண்டாவது ரவுண்டு.

முதல்ல, ஊர் பேரைச் சொன்னேன். 'புரட்சி'யைத் தூக்கிக் கடாசிட்டு, '10 லிட்டர் கிரைண்டர் ஓட்டும் மாவுக்கடைக்காரரா? மாவு சூடேறும் முன் தானே நிற்கும் டைமர், விலை 1,450'ன்னு போட்டேன். விலையையும் விளம்பரத்துலயே சொல்லிட்டா, வேடிக்கை பார்க்கிறவங்க க்ளிக் பண்ண மாட்டாங்க. ஒவ்வொரு க்ளிக்கும் நம்ம காசாச்சே!

ரெண்டாவது, சும்மா படம் பார்த்துக்கிட்டு இருக்கிறவங்களை விட்டுட்டு, தேடுறவங்ககிட்ட போனேன். கூகுள்ல 'கிரைண்டர் டைமர்', 'கிரைண்டர் ஆட்டோ ஆஃப்'னு தேடுறவங்களுக்கு மட்டும் விளம்பரம்.

மூணாவது, 'துடியலூர் நிக்காது'. இதுக்கு நெகட்டிவ் கீவேர்டுன்னு பேர். 'வேலை', 'ரிப்பேர்', 'செகண்ட் ஹேண்ட்' மாதிரி வார்த்தைகளைக் கொடுத்துட்டா, அதைச் சேர்த்துத் தேடுறவங்களுக்கு நம்ம விளம்பரம் வராது. இன்னொரு குழியும் இருக்கு. இடம் கோயம்புத்தூர்னு கொடுத்தாலும், கூகுள் தானா வெச்சிருக்கிற செட்டிங்ல, கோயம்புத்தூர் மேல ஆர்வம் காட்டுற வெளியூர்க்காரங்களும் உள்ள வந்துடுவாங்க. 'இந்த ஊர்ல இருக்கிறவங்க மட்டும்'னு நாமதான் மாத்தணும்.

நாலாவது ஐடியா பெரியப்பாவோடது. "கல்லு கொத்துறவரைக் கேட்டியா?" ஆமால்ல! தேய்ஞ்ச கிரைண்டர் கல்லைக் கொத்திக் கொடுக்கிற அண்ணன் ஏறி இறங்காத மாவுக்கடை இந்த ஏரியாவுல இல்லை. க்யூஆர் கோடு போட்ட சீட்டு 50 எடுத்துக் கொடுத்தேன். அந்த லிங்க்ல மட்டும் தனியா ஒரு வால் ஒட்டினேன். யூ.டி.எம்னு சொல்வாங்க, யார் எந்த வழியா வந்தாங்கன்னு காட்டிக் கொடுக்கும். (அதுல வர்ற 'யூ'ன்னா அர்ச்சின். 2005-ல கூகுள் வாங்கின கம்பெனியோட பேர். வைவால கேட்டா சொல்லுங்க!)

ரெண்டு வாரம் ஆச்சு. கூகுள் வழியா 74 பேர், கல்லு கொத்துற அண்ணன் வழியா 19 பேர். மொத்தமே 93 பேர்தான். 2,900 எங்கே, 93 எங்கே! ஆனா போன்ல வந்த முதல் குரலே வேற மாதிரி இருந்துச்சு: "ஏனுங் தம்பி, இது என்ற பத்து லிட்டர் கிரைண்டருக்கு ஆகுமுங்களா? எப்ப வந்து மாட்டித் தருவீங்க?"

ஏழு பெட்டி போச்சு. அதுல அஞ்சு, அந்த அண்ணன் சீட்டைப் பார்த்து வந்தவங்க வாங்கினது. அம்மாவுக்கு 3,000 திருப்பிக் கொடுத்தாச்சு. 2,000 பாக்கி. 13 பெட்டி இன்னும் என் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு. அதனால, ஜெயிச்சுட்டேன்னு எல்லாம் சொல்ல வரலை.

உங்க சிம்போசியம் பேஜோ, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டோ, ஹாஸ்டல்ல ஆரம்பிச்ச டி-ஷர்ட் பிசினஸோ... எத்தனை பேர் பார்த்தாங்கன்னு காலரைத் தூக்கிக்கிறதுக்கு முன்னாடி எங்க பெரியப்பா கேட்ட கேள்வியை ஒரு தடவை கேட்டுக்கோங்க. அப்புறம் ஒரு பேப்பர்ல ரெண்டே வரி எழுதுங்க. இது யாருக்கு? யாருக்கு இல்லை? ரெண்டாவது வரியை எழுதும்போது மனசு வலிக்கும். எனக்கும் வலிச்சுது. ஆனா 5,000 ரூபாயை விட அது சீப், சொல்லிட்டேன்!

அடுத்த வாரம் பார்க்கலாம்... நம்ம பஸ் வந்துருச்சு!