பாட்டு கேட்க போன் எதற்கு?

"பாட்டு கேட்கத்தான் அப்பா போன் இருக்கே! அதுக்குத் தனியா ஒரு பெட்டி எதுக்கு?"

என்ன குட்டீஸ், உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு காதில் விழுந்திருக்கிறதா? எம்.பி.3 பிளேயர் வேண்டும் என்று கேட்டால், நிறைய வீடுகளில் வரும் முதல் பதில் இதுதான். கேட்க நியாயமாகத்தான் தோன்றும். பாட்டு, ரேடியோ, கேமரா எல்லாமே போனுக்குள் இருக்கும்போது இன்னொரு பொருளுக்கு ஏன் காசைக் கொட்ட வேண்டும்?

நான் இந்த விஷயத்தில் எதிர்க்கட்சி! பள்ளிக்கூடம் போகிற வயதில் பாட்டு கேட்க ஆசைப்படுகிறவருக்கு, போனை விட, பட்டன் வைத்த சின்னப் பாட்டுப் பெட்டிதான் பொருத்தம். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

போனில் பாட்டு கேட்க உட்கார்ந்தவர், பாட்டு மட்டும் கேட்டு எழுந்ததுண்டா? ஒரு பாட்டைத் தேடுவோம். பக்கத்தில் ஒரு வீடியோ சிரிக்கும். அதைத் தொட்டால், அது முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடும். நடுவில் ஒரு விளம்பரம், பிறகு ஒரு விளையாட்டு. நான்கு நிமிடப் பாட்டுக்குப் போனவர் முக்கால் மணி நேரம் கழித்து வருவார், அந்தப் பாட்டைக் கேட்காமலேயே! அந்தத் திரை நம்மை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது.

அது போகட்டும். அந்த போன் உங்களுடையதா? அப்பா வேலைக்குக் கிளம்பினால் பாட்டும் கூடவே கிளம்பிவிடும். அம்மா போன் என்றால், பாட்டு நல்ல இடத்துக்கு வரும்போது சித்தியிடமிருந்து அழைப்பு வரும். பாட்டுப் பெட்டிக்கு யாரும் போன் செய்யமாட்டார்கள். அது உங்கள் மேஜையிலேயே இருக்கும். அழுத்தினால் பாடும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு வேலை செய்கிற பெட்டியைப் பார்த்து உலகம் ஒருமுறை சிரித்த கதை தெரியுமா? 1979-ம் ஆண்டு ஜூலை 1-ம் தேதி, ஜப்பானின் சோனி நிறுவனம் ‘வாக்மேன்’ என்ற சின்ன டேப் பிளேயரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. கையடக்கமாக இருந்தது; ஆனால், அதில் குரலைப் பதிவு செய்ய முடியாது. "ரெக்கார்டு பண்ண முடியாத டேப்பை யார் வாங்குவார்கள்?" என்று பலர் சந்தேகப்பட்டார்கள். நடந்தது என்ன? நடந்துகொண்டே பாட்டு கேட்கும் பழக்கமே அந்தப் பெட்டியிலிருந்துதான் ஊர் ஊராகப் பரவியது.

இன்னொரு வேடிக்கை, அந்த முதல் வாக்மேனில் ஹெட்போன் மாட்ட இரண்டு துளைகள் இருந்தன. நிறுவனத்தின் தலைவர்களில் ஒருவரான அகியோ மொரிட்டா வீட்டில் அதைப் போட்டுப் பார்த்தபோது, தன்னை மறந்து அவர் பாட்டில் மூழ்கியது அவருடைய மனைவிக்குப் பிடிக்கவில்லையாம்! இரண்டு பேர் சேர்ந்து கேட்க வழி வேண்டும் என்று தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். காதில் மாட்டியபடியே பக்கத்தில் இருப்பவர் பேசுவதைக் கேட்க, ஒரு தனி பட்டனும் வைத்திருந்தார்கள்.

அப்புறம் சி.டி. பிளேயர் வந்தது. நடந்தால் பாட்டு குதிக்கும்! 1998-ல் தென்கொரியாவின் சேஹான் நிறுவனம் எம்.பி.3 பிளேயரைக் கொண்டு வந்தது. 32 எம்.பி. நினைவகம். அரை மணி நேரப் பாட்டுக்கு மேல் இடமில்லை. 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் வந்தது; 5 ஜி.பி., ஆயிரம் பாடல்கள். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அந்த ஐபாட் வரிசையே 2022 மே மாதம் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால், பாட்டுப் பெட்டி நிற்கவில்லை. சட்டையில் கிளிப் போல மாட்டுகிற, சில நூறு ரூபாய்ப் பெட்டியும் கிடைக்கிறது. பல ஆயிரம் ரூபாய்க்கு இன்றைய டிஜிட்டல் வாக்மேனும் கிடைக்கிறது.

சரி, கடைக்குப் போனதும் "எத்தனை ஜி.பி. வேண்டும்?" என்று கேட்பார்கள். அதிகம் இருந்தால் நல்லதுதானே என்று அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். ஒரு சின்னக் கணக்கு போடுவோம், நோட்டை எடுங்கள்.

சாதாரணமாகச் சேமிக்கும் எம்.பி.3 பாட்டு ஒன்று, ஒரு விநாடிக்கு 128 கிலோபிட் இடம் எடுக்கும். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக, விநாடிக்கு 16 கிலோபைட். அதை 60 ஆல் பெருக்குங்கள், 960 கிலோபைட். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்.பி.! ஐந்து நிமிடப் பாட்டு ஐந்து எம்.பி. என்றால், 8 ஜி.பி. கார்டில் சுமார் 1,600 பாடல்கள். தினமும் ஒரு மணி நேரம் கேட்டாலும், எல்லாவற்றையும் ஒருமுறை கேட்டு முடிக்க நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். இதற்கு மேல் இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? தரத்தை இரண்டு மடங்கு உயர்த்திப் பதிவு செய்தாலும் 800 பாட்டு இருக்கும்.

அதனால், ஜி.பி.யை ஓரமாக வையுங்கள். எங்கே கேட்கப் போகிறீர்கள், யார் கேட்கப் போகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

பாட்டிக்கு என்றால் இயர்போனே வேண்டாம். ஸ்பீக்கர் உள்ள பெட்டி, பெரிய பட்டன், ரேடியோ, இது போதும். சரிகம நிறுவனம் 2017-ல் ‘கார்வான்’ என்று ஒரு பெட்டியைக் கொண்டு வந்தது. பழைய ரேடியோ மாதிரி இருக்கும். 5,000 பாடல்களை முன்பே உள்ளே ஏற்றிவிட்டார்கள். தமிழ்ப் பாடல்களுக்கும் தனிப் பெட்டி உண்டு. இன்டர்நெட் வேண்டாம், யாரையும் "இதைக் கொஞ்சம் போட்டுக் கொடு" என்று கெஞ்ச வேண்டாம். பெரியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை! ஆனால், அதைத் தூக்கிக்கொண்டு டியூஷனுக்குப் போக முடியாது.

(இந்த ஸ்பீக்கரைப் பஸ்ஸில் போட்டு, ஐம்பது பேருக்கும் இலவசமாகக் கச்சேரி நடத்துகிறவர்கள் இருக்கிறார்களே... அவர்களைப் பற்றி இன்னொரு வாரம் தனியாகவே எழுத வேண்டும்!)

பார்வையில்லாத நண்பருக்கு என்றால் கண்டிப்பாக பட்டன்தான் வேண்டும். வழவழவென்ற தொடுதிரையில் விரல் எதைக் கண்டுபிடிக்கும்? தடவிப் பார்த்தால் ‘அடுத்தது’ எது, ‘நிறுத்து’ எது என்று தெரிய வேண்டும். இன்னொன்று, பார்வையில்லாதவர்களுக்கான பேசும் புத்தகங்கள் ‘டெய்சி’ என்ற வடிவத்தில் வருகின்றன. நம் நாட்டில் 2016-ல் தொடங்கிய ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற இணைய நூலகத்திலும் இவை உண்டு. எந்தப் பக்கத்தில் நிறுத்தினோமோ, அங்கிருந்தே தொடரலாம். எல்லாப் பெட்டியும் இதைப் படிக்காது. கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

உங்களுக்கு என்றால்? எடை குறைவாக, கீழே விழுந்தால் தாங்குகிற மாதிரி, மெமரி கார்டு போடும் இடத்துடன், எப்.எம். ரேடியோவும் இருந்தால் போதும். எப்.எம். பற்றி ஒரு ரகசியம். அகில இந்திய வானொலியின் முதல் எப்.எம். ஒலிபரப்பு 1977-ல் நம் சென்னையில்தான் தொடங்கியது என்பது தெரிந்திருக்கலாம். தெரியாதது இது: சின்னப் பிளேயரில் பெரும்பாலும் தனி ஏரியல் இருக்காது, இயர்போன் ஒயர்தான் ஏரியல்! ஒயரைக் கழற்றினால் கரகரவென்று ஆகிவிடும். "ஒயர் இல்லாத புளூடூத் இயர்போன் ஒன்றே போதும்" என்று நினைப்பவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். புளூடூத் இயர்போனுக்குத் தனியாக சார்ஜ் போடவும் வேண்டும். ஒன்று சாக்கடையில் விழுந்தால் மற்றொன்று அநாதை!

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. நம்ப முடியாத விலைக்கு நம்ப முடியாத ஜி.பி. என்று மெமரி கார்டு விற்றால், நம்பாதீர்கள். அட்டையில் ஒரு அளவு, உள்ளே வேறு அளவு இருக்கும் போலிகள் நிறைய உலாவுகின்றன. பாதிப் பாட்டு ஏறும், மீதி காணாமல் போகும். அதே போல, பேட்டரி உப்பிப் போன பெட்டியை அழுத்திப் பார்ப்பதோ, சார்ஜ் போடுவதோ கூடவே கூடாது. உடனே பெரியவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்போது எதிர்த்தரப்பு வாதம். "போனில் நினைத்த பாட்டு நினைத்த நொடியில் வரும். பெட்டியில் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டுமே?" உண்மைதான். பாட்டு ஆப்களில் ‘டவுன்லோட்’ அழுத்திச் சேமித்தவை அந்த ஆப்புக்குள் மட்டும்தான் பாடும். கார்டுக்கு மாற்றிப் பெட்டியில் போட முடியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் பெட்டியை வாங்கி ஏமாறக்கூடாது.

ஆனால், அந்தச் சிரமத்திலும் ஒரு சுகம் இருக்கிறது. வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய ஆடியோ சி.டி.க்களைக் கம்ப்யூட்டரில் போட்டு எம்.பி.3 ஆக மாற்றலாம். பாட்டி சொல்லும் கதையைப் பதிவு செய்து ஏற்றலாம். பாட்டு வகுப்பு டீச்சர் சம்மதித்தால், அன்றைய பாடத்தையும் பதிந்து, நடைப்பயிற்சியில் திரும்பத் திரும்பக் கேட்கலாம். கோடிக்கணக்கான பாட்டு கையில் இருந்தும் எதைக் கேட்பது என்று விழிப்பவரை விட, தானே தேர்ந்தெடுத்த ஐம்பது பாட்டு வைத்திருப்பவர்தான் பாட்டை உண்மையாகக் கேட்கிறார் என்பது என் எண்ணம். நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை!

ஒரு விஷயத்தில் மட்டும் போன் என் கட்சியைத் தோற்கடித்துவிடுகிறது. காது! இப்போதைய போன்கள் பலவற்றில், சத்தம் அளவு மீறினால் எச்சரிக்கை வரும். மலிவான பாட்டுப் பெட்டிக்கு அந்த அறிவு கிடையாது. முழுச் சத்தத்தில் வைத்தாலும் சமர்த்தாகப் பாடிக்கொண்டே இருக்கும். அந்தக் காவல் வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

காதுக்குள், நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் ஆயிரக்கணக்கான நுண்ணிய மயிர்ச்செல்கள் உண்டு. சத்தத்தின் அதிர்வை மூளைக்குப் புரியும் சேதியாக மாற்றுவது இவைதான். முடி வெட்டினால் வளரும், நகம் வெட்டினால் வளரும். மனிதக் காதில் இந்தச் செல்கள் அழிந்தால் திரும்ப முளைக்காது. வலிக்கவும் வலிக்காது. அதுதான் ஆபத்து! வருடங்கள் கழித்து, மற்றவர் பேசுவது தெளிவாகக் கேட்காதபோதுதான் தெரியும்.

சிறுவர்களுக்கு 75 டெசிபல் சத்தத்தில் வாரம் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. சத்தம் 3 டெசிபல் கூடினால், நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 78 என்றால் 20 மணி நேரம், 81 என்றால் 10, 84 என்றால் வெறும் 5. சிறுவர்களுக்கான ஹெட்போன் சிலவற்றில் ‘85 டெசிபலுக்கு மேல் போகாது’ என்று எழுதியிருப்பார்கள். நாள் முழுக்கக் கேட்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. மேலே சொன்ன கணக்கை நீட்டிப் பாருங்கள், அந்தச் சத்தத்தில் வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் தேறும்!

பெட்டியில் டெசிபல் அளவு காட்டாதே என்கிறீர்களா? சத்தத்தைக் கூட்ட 20 படி இருந்தால், 12-ஐத் தாண்டாதீர்கள். கை நீட்டும் தூரத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசுவது கேட்கவில்லை என்றால், உடனே குறையுங்கள். பஸ் இரைச்சலை அமுக்கத்தான் நாம் சத்தத்தைக் கூட்டுகிறோம். அதனால், பஸ்ஸில் போகும்போது காதை நன்றாக மூடும் ஹெட்போன் இருந்தால், குறைந்த சத்தமே போதும். சைக்கிள் ஓட்டும்போதும், சாலையைக் கடக்கும்போதும் எந்த ஹெட்போனும் வேண்டாம். ஹாரன் சத்தம் கேட்க வேண்டுமே!

இவ்வளவுக்குப் பிறகும் பெட்டிதான் வேண்டும் என்றால், அப்பாவையோ அம்மாவையோ அழைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். உங்கள் இயர்போனையும், நாலு பாட்டு ஏற்றிய கார்டையும் கையோடு எடுத்துப் போங்கள். பெட்டியைப் பாக்கெட்டுக்குள் போட்டு, பார்க்காமலேயே பாட்டை மாற்ற முடிகிறதா, சத்தத்தைக் குறைக்க முடிகிறதா என்று சோதியுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அப்படியே, ஒரு துளையில் இரண்டு இயர்போன் மாட்டும் ஒய் வடிவ ஒயரையும் கேட்டு வாங்குங்கள். விலை அதிகமில்லை; மொரிட்டா வீட்டில் வந்த மனஸ்தாபம் உங்களுக்கும் தம்பி, தங்கைக்கும் நடுவில் வராது!