கல் நட்டாச்சு... சுவர் மட்டும் நகரலையே!

பக்கத்து வீட்டுக்காரர் 2 அடி தள்ளி காம்பவுண்டு எழுப்பிட்டார். சர்வேயர் வந்து அளந்தால் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அலைந்து செருப்பு தேய்ந்தவர்களுக்குத்தான் மீதிக் கதை தெரியும்.

தமிழ்நாட்டில் நிலம் அளக்க மனு போடுவது இப்போ சுலபம். 2023 முதல் இணையத்திலேயே பணம் கட்டி விண்ணப்பிக்கலாம். பக்கத்து நிலத்துக்காரருக்கும் தகவல் போகும். எப்.எம்.பி. எனப்படும் புலப்படத்தை வைத்து சர்வேயர் அளந்து எல்லை காட்டுவார். அத்தோடு அவர் வேலை முடிஞ்சுது. சுவரை இடிக்க அவருக்கு அதிகாரம் கிடையாது.

புறம்போக்கு என்றால் 1905-ம் வருட ஆக்கிரமிப்புச் சட்டப்படி வருவாய்த்துறையே அகற்றும். பட்டா இடமா? சிவில் கோர்ட்டுதான். போலீசுக்குப் போனாலும் பெரும்பாலும் அதையேதான் சொல்வார்கள்.

கோர்ட்டில் அந்த அளவை ரிப்போர்ட் கைகொடுக்கும். எதிராளி ஒத்துக்கொள்ளாவிட்டால் வக்கீல் கமிஷனர், சர்வேயரோடு வந்து மறுபடி அளக்கவும் வாய்ப்பு உண்டு. பத்திரத்தில் ஒரு அளவு, படத்தில் வேறு அளவு என்றால் தலைவலிதான். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். சர்வேயில் விழுந்த பிழைகள் இன்னமும் ஆட்களை அலைய வைக்கின்றன.

"தாயா புள்ளையா பழகுறோம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடுவதில்தான் ஆபத்து. ஆக்கிரமித்தவர் தன் இடம் என்று பகிரங்கமாக, தொடர்ந்து 12 வருஷம் அனுபவித்துவிட்டால், 1963-ம் வருட காலவரையறைச் சட்டத்தைக் காட்டி உரிமையே கேட்கலாம். அஸ்திவாரம் தோண்டும்போதே கோர்ட்டில் தடை கேட்டவருக்கு இந்தப் பாடு இல்லை.