தெளிந்த தண்ணீரும் சோதிக்காத வண்டலும்

போன கோடையில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்தார். "ஏனுங்க மேனேஜரய்யா, கொளத்து மண்ணு எடுக்க பர்மிட் குடுக்கறாங்களாம். நாலு லோடு நீங்களும் ஓட்டிக்கறீங்களா?" என்றார். நொய்யல் தண்ணீர் வந்து சேரும் குளம் அது. "மண்ணைச் சோதிச்சுப் போட்டு ஓட்டிக்கலாமுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "கொளத்து மண்ணுக்கு என்னங்க டெஸ்ட்டு? தண்ணி கண்ணாடியாட்டத் தெளிஞ்சு கெடக்குது!"

தண்ணீர் தெளிந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் தண்ணீரில் இருந்தது எங்கே போயிற்று என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. வங்கியில் ஒரு கணக்கில் பணம் குறைந்தால் அது வேறு கணக்கில் ஏறியிருக்க வேண்டும். மண்ணுக்கும் தண்ணீருக்கும் அதே கணக்குதான்.

இதற்கு நல்ல பாடம் சுரங்கப் பகுதிகளில் இருக்கிறது. தங்கம், செம்பு எடுக்கும் பாறைகளில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த கனிமங்கள் உண்டு. பல இடங்களில் அவற்றோடு ஆர்சனிக்கும் கலந்திருக்கும். நம் நாட்டு வைத்தியர்கள் பாஷாணம் என்று சொல்வார்களே, அந்த இனம். பாறையை உடைத்து வெளியே கொட்டியதும் காற்றும் மழையும் பட்டு அது அமிலத் தண்ணீராகக் கசியும். அதில் இரும்பும் ஆர்சனிக்கும் கரைந்து வரும். ஓடையில் காற்று பட்டதும் இரும்பு துருவாகிக் காவி நிறத்தில் படியும். அந்தத் துரு, ஆர்சனிக்கைத் தன் மேல் ஒட்ட வைத்துக்கொள்ளும். கீழே போகும் தண்ணீரில் விஷம் குறையும்.

இது எப்படி என்று நமக்குப் புரிவது சுலபம். செம்மண்ணில் பாஸ்பேட் உரம் போட்டால் மண்ணிலுள்ள இரும்பு மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பயிருக்குச் சரியாகக் கிடைக்காது என்று வேளாண் துறையினர் சொல்வார்கள் அல்லவா? ஆர்சனிக், பாஸ்பரசுக்குப் பங்காளி. இரண்டும் இரும்பில் ஒட்டுவது ஒரே மாதிரிதான்.

இந்தக் குணத்தை வைத்தே குடிநீரையும் சுத்தம் செய்கிறார்கள். சென்னை ஐஐடி பேராசிரியர் பிரதீப் குழுவினர் இரும்பை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய வடிகட்டிகள் மேற்கு வங்கத்தில் ஆர்சனிக் பாதித்த ஊர்களுக்குப் பயன்படுகின்றன. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒரு கிராமை ஒரு லட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு அது.

ஆனால் இரும்பு பிடித்து வைப்பது அடமானம் மாதிரி. கடன் அடைந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. அதற்கும் வங்கமே சாட்சி. இமயத்திலிருந்து வந்த வண்டலில் இரும்புத் துருவோடு ஒட்டி ஆர்சனிக் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சும்மா கிடந்தது. நிலத்தடியில் காற்று இல்லாத இடத்தில், மக்கிய கரிமப் பொருளைத் தின்னும் நுண்ணுயிர்கள் சுவாசிக்க ஆக்சிஜனுக்குப் பதில் அந்தத் துருவைப் பயன்படுத்தின. துரு கரைந்தது, ஆர்சனிக் தண்ணீரில் இறங்கியது. சுத்தமான தண்ணீர் என்று நம்பிப் போட்ட குழாய்க் கிணறுகளிலேயே விஷம் வந்ததை 1980-களில்தான் கண்டுபிடித்தார்கள்.

நம் ஊருக்கு வருவோம். நொய்யலில் ஆர்சனிக் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. நம்முடைய முதல் பிரச்சினை உப்பு. உப்பை எந்த இரும்பும் பிடிக்காது, அது தண்ணீரோடே போகும், நிலத்தடிக்கும் இறங்கும். 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குப் பதிலாகச் சாயத் தண்ணீரைத் தேக்கி வைத்த கதை நமக்குத் தெரியும். ஆயக்கட்டு விவசாயிகள் வழக்காடி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய ஆலைகளை மூடச் சொன்னதும் தெரியும். அதன்பின் கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு ஆலைகள் மாற வேண்டியதாயிற்று.

ஆனால் சாயக் கழிவில் உப்பு மட்டும் வருவதில்லை. குரோமியம், செம்பு, ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்களும் வருவதுண்டு. சுத்திகரிப்பு நிலையங்களில் நெடுங்காலம் போட்டது அன்னபேதியும் சுண்ணாம்பும். ஆமாங்க, கடலைக்கு இலை வெளுத்தால் நாம் தெளிக்கிற அதே அன்னபேதிதான். அதிலுள்ள இரும்பு சாயத்தையும் உலோகத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சேறாக அடியில் உட்காரும். ஆற்றிலும் குளத்திலும் நடப்பது இதுவே. மேலே தண்ணீர் தெளிய, கீழே வண்டல் கணக்கு வைத்துக்கொள்கிறது.

அந்த வண்டலைத்தான் இப்போது நாம் வயலுக்கு ஓட்டப் போகிறோம். ஏரி, குளத்து வண்டலை விவசாயிகள் கட்டணமில்லாமல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-இல் அரசு சுலபமாக்கியது. நல்ல திட்டம். வண்டலடிப்பது நம் முன்னோர் வழி, நானும் அதன் கட்சிதான். ஆனால் முன்னோர் குளத்துக்குச் சாயக் கழிவு வரவில்லை.

"கார மண்ணுதானே, உலோகம் அசையாது" என்பார்கள். பாதி சரி. நம் சுண்ணாம்புச் செம்மண் ஈயம், துத்தநாகத்தைப் பிடித்து வைக்க உதவும். குரோமியத்தின் கொடிய வடிவத்தைக்கூட மக்கு எரு சாந்தப்படுத்தும். ஆனால் நிலம் அமிலமானால் ஈயமும் துத்தநாகமும் கழன்று வரும். நெல் வயல் மாதிரி மாதக்கணக்கில் தண்ணீர் கட்டி, பசுந்தாளும் மிதித்துவிட்டால் வங்கத்தில் நடந்த மாதிரி துருவே கரையும், அதில் ஒட்டியிருந்ததும் இறங்கும். அதாவது இயற்கை விவசாயி நல்லது என்று செய்யும் வேலையே பெட்டகத்தைத் திறந்துவிடக்கூடும். இதை நாம் பேசாமல் விட்டால் வேறு யார் பேசுவார்கள்?

மண் வள அட்டையும் இதற்குக் கை கொடுக்காது. அதில் உள்ள 12 கணக்குகளில் கார அமில நிலை, உப்பு, தழை, மணி, சாம்பல், நுண்ணூட்டம் எல்லாம் வரும். குரோமியம், ஈயம், காட்மியம் வராது. தனியாகப் பணம் கட்டிப் பார்க்க வேண்டும். ஒரு சிறு விவசாயி ஒவ்வொரு லோடுக்கும் அதைச் செய்ய முடியாது, செய்யச் சொல்வதும் நியாயமில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இவ்வளவுதான். நொய்யல் தண்ணீர் போகும் ஒவ்வொரு குளத்திலும் பர்மிட் தருவதற்கு முன்பே அரசு தன் செலவில் வண்டலைச் சோதிக்க வேண்டும். மேல் மண்ணை மட்டுமல்ல, சாயம் ஓடிய காலத்தில் படிந்த அடி மண்ணையும் எடுக்க வேண்டும். முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் ஒட்ட வேண்டும். நன்றாக இருக்கிற குளத்து மண்ணைத் தாராளமாகக் கொடுக்கட்டும். கெட்டுப்போன குளத்து மண்ணை எங்கே கொண்டுபோய்ப் பத்திரப்படுத்துவது என்பதற்கு அரசும் அதைக் கெடுத்தவர்களும் பதில் சொல்லட்டும். அதை எங்கள் வயலில் பரப்பிப் பிரச்சினையை முடித்துக்கொள்ள விடக் கூடாது. ஒரு தடவை வயலில் கலந்தால் திரும்ப அள்ள முடியாது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் அன்றைக்கு என்னோடு ரொம்ப நேரம் வாதாடினார். கடைசியில், "அப்ப கிராம சபையில நீங்க எந்திரிச்சுக் கேளுங்க, நான் பின்னாடி நிக்கறேன்" என்றார். கேட்கத்தான் போகிறேன். உங்கள் ஊரிலும் யாராவது எழுந்து கேளுங்கள். அதுவரை என் நிலத்துக்கு ஆட்டுப்பட்டியும் தக்கைப்பூண்டும் போதும்.