மாதிரி உருவம் செய்ய நேரம் உண்டா?

‘நேரமில்லை’ என்பது இன்றைய மாணவரின் வாயில் அடிக்கடி வரும் சொல். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, பூலாவ் செபாங் போன்ற வட்டாரங்களில் வாழும் ஓர் இடைநிலைப்பள்ளி மாணவரின் நாளை எண்ணிப் பாருங்கள். விடியும் முன்பே எழுந்து பேருந்தைப் பிடிக்க வேண்டும். பாடவேளை முடிந்த பின் புறப்பாட நடவடிக்கை இருக்கும். பல பள்ளிகளில் தமிழ்மொழி வகுப்பும் பள்ளி நேரத்திற்குப் பிறகே நடைபெறுகிறது. மாலையில் பிரத்தியேக வகுப்பு, இரவில் வீட்டுப்பாடம். பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீடாக இருந்தால், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் சேர்ந்துகொள்ளும். இத்தனைக்கும் நடுவே, அட்டையையும் குச்சியையும் வெட்டி ஒட்டி மாதிரி உருவம் செய்ய நேரம் ஏது?

நேரம் உண்டு என்பதே என் கருத்து. ஆனால், அது முழு நாளாகக் கிடைக்காது. துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அந்தத் துண்டுகளைப் பயன்படுத்தத் தெரிந்தவருக்கு மாதிரி உருவக் கலை மிகவும் ஏற்ற பொழுதுபோக்காகும். மேலும், மலாக்காவில் வாழும் தமிழ் மாணவர்கள் இக்கலைக்கு நேரம் ஒதுக்குவதற்குத் தனிக் காரணமும் ஒன்று உண்டு.

முதலில் இக்கலையின் அடிப்படையைப் பார்ப்போம். மாதிரி உருவத்திற்கு உயிர், விகிதம். ஒரு பொருளை அளந்து, அதன் எல்லாப் பகுதிகளையும் ஒரே விகிதத்தில் சுருக்க வேண்டும். 1:50 என்னும் விகிதத்தில் 2 மீட்டர் உயரமுள்ள கதவு 4 சென்டிமீட்டர் ஆகும்; 6 மீட்டர் நீளமுள்ள சுவர் 12 சென்டிமீட்டர் ஆகும்; 160 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதர் 3.2 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்பார். சுவரைச் சுருக்கிவிட்டுக் கதவை மறந்தால் அது மாதிரி உருவம் ஆகாது. எதையும் நீக்காமல், எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சிறிதாக்குவதே இதன் நுட்பம்.

தமிழருக்கு இது புதிய கலை அன்று. தஞ்சாவூரில் நெட்டி என்னும் நீர்த்தாவரத்தின் வெண்ணிறத் தண்டைச் சீவி, பெரிய கோயிலின் மாதிரியை உருவாக்கும் கைவினைஞர்கள் இன்றும் உள்ளனர். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020-ஆம் ஆண்டில் இந்தியாவின் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஜப்பானில் இக்கலை ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்தது. சிசுவோக்கா நகரில் 1946-ஆம் ஆண்டில் மர வணிகமாகத் தொடங்கிய தமியா நிறுவனம், 1960-ஆம் ஆண்டில் யமாத்தோ போர்க்கப்பலின் நெகிழி மாதிரியை வெளியிட்டது. பின்னர் அந்நிறுவனம் பரப்பிய 1:35 என்னும் விகிதம் உலகெங்கும் வழக்கத்திற்கு வந்தது. அவ்விகிதம் பிறந்த கதை சுவையானது. தானாக ஓடும் பீரங்கி வண்டி ஒன்றின் மாதிரியைச் செய்ய அவர்கள் விரும்பினர். அதனுள் மின்கலங்களும் சிறிய மோட்டாரும் அடங்க வேண்டும். அவை அடங்கும்படி வண்டியை வடிவமைத்தபோது விகிதம் ஏறத்தாழ 1:35 என அமைந்தது. அதாவது, உள்ளே வைக்க வேண்டியதற்கு ஏற்ப அளவை வகுத்துக்கொண்டனர். நேரத்திற்கும் இவ்வழி பொருந்தும். நமக்குக் கிடைக்கும் நேரத்திற்கு ஏற்ப வேலையின் அளவை நாமும் வகுத்துக்கொள்ளலாம்.

இனி, மலாக்கா மாணவர்களுக்குரிய தனிக் காரணத்திற்கு வருவோம். மலாக்கா நகருக்குச் சுற்றுலா செல்லாத மாணவர் குறைவு. ஆற்றங்கரையில் நிற்கும் கடல்சார் அருங்காட்சியகம், ‘புளோர் டி லா மார்’ என்னும் போர்த்துகீசியக் கப்பலின் வடிவில் அமைந்துள்ளது. 1511-ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர், கொள்ளையடித்த பொருள்களை ஏற்றிச் சென்ற அக்கப்பல் சுமத்திராவுக்கு அருகே மூழ்கிப் போனது. அங்கிருந்து சற்றுத் தொலைவில், குன்றின் அடிவாரத்தில் மலாக்கா சுல்தானக அரண்மனை நிற்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் சுல்தான் மன்சூர் ஷா வாழ்ந்த அரண்மனை அழிந்துவிட்டது. ‘செஜாரா மெலாயு’ என்னும் நூலில் உள்ள வருணனையைத் துணையாகக் கொண்டே இன்றைய மர அரண்மனை கட்டப்பட்டு, 1986-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அன்றைய தச்சர் ஒருவர் அவ்வரண்மனையின் சிறிய மாதிரியைச் செய்திருந்து, அதுவும் நமக்குக் கிடைத்திருந்தால் எவ்வளவு பயன்பட்டிருக்கும்! தூண்களின் இடைவெளியையும் கூரையின் சரிவையும் சொற்களிலிருந்து ஊகிக்க வேண்டியிருந்திருக்காது.

அரண்மனைக்கு நேர்ந்தது நம் தோட்டங்களுக்கும் நேர்ந்து வருகிறது. 1896-ஆம் ஆண்டில் தான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் இரப்பர் பயிரிட்ட முன்னோடிகளுள் அவரும் ஒருவர். அதன் பிறகு புக்கிட் அசஹானிலும் பிற இடங்களிலும் தோட்டங்கள் பெருகின. பால்மரம் சீவ வந்த நம் முன்னோர் லயங்களில் குடியிருந்தனர். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களம், பால் நிறுக்கும் கொட்டகை, தோட்டக் கோயில், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றைச் சுற்றியே அவர்களின் வாழ்க்கை நடந்தது. காலப்போக்கில் பல தோட்டங்களில் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் அதுவும் போய் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. லயங்கள் இடிக்கப்பட்டன.

நிழற்படம் இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்கலாம். நிழற்படம் ஒரு பக்கத்தைக் காட்டும். ஒரு குடும்பம் முழுவதும் படுத்துறங்கிய அறை எத்தனை அடி அகலம், வாசலுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் எவ்வளவு தொலைவு, அடுத்த வீட்டுப் பேச்சு கேட்கும்படி தடுப்புச் சுவர் எவ்வளவு தாழ்வாக இருந்தது என்பனவற்றை அளந்து செய்த மாதிரி உருவமே காட்டும். அந்த அளவுகளை அறிந்த தாத்தா பாட்டிமார் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளும் வாய்ப்பு எப்போதும் இருக்காது. ஆகவே, “தேர்வெல்லாம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்” என்று இந்த வேலையைத் தள்ளிப்போடுவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

பெற்றோரின் கவலையையும் நாம் மதிக்க வேண்டும். அதிகாலையில் வேலைக்குச் சென்று களைத்து வரும் தாய் தந்தையர், தங்கள் பிள்ளை எஸ்.பி.எம். தேர்வில் சிறந்த தேர்ச்சி பெற வேண்டும் என்று விரும்புவது இயல்பு. படிக்க வேண்டிய நேரத்தில் அட்டையை வெட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையைக் கண்டால் அவர்கள் கடிந்துகொள்வதில் வியப்பில்லை. ஒரு பொழுதுபோக்கு பாடத்தையும் தூக்கத்தையும் விழுங்கிவிட்டால் அது தீமையே. ஆனால், அதற்குரிய தீர்வு பொழுதுபோக்கை அறவே நீக்குவது அன்று. மாதிரி உருவத்தில் கதவை விட்டுவிடாமல் கதவையும் சுருக்குவதைப் போல, தேர்வுக் காலத்தில் இதற்குரிய நேரத்தையும் சுருக்கிக்கொள்ளலாம். வாரத்திற்கு இரண்டு மணி நேரம் செய்தவர் அரை மணி நேரம் செய்யட்டும். அடியோடு விட்ட வேலையை மீண்டும் தொடங்குவது கடினம். சிறிதாகத் தொடரும் வேலை கையை விட்டுப் போகாது.

அப்படியானால், அன்றாடக் கடமைகளுக்கு நடுவே நேரத்தை எவ்வாறு கண்டுபிடிப்பது? இக்கலையின் இயல்பே அதற்கு வழி சொல்கிறது. மாதிரி உருவம் செய்வதில் கைவேலை பாதி, காத்திருப்பு பாதி. ஒரு சுவரை ஒட்டினால் பசை காய வேண்டும். வண்ணம் பூசினால் அது உலர வேண்டும். பத்து நிமிடத்தில் இரண்டு சுவர்களை ஒட்டி வைத்துவிட்டுக் கணிதப் பயிற்சியைச் செய்யலாம். பயிற்சி முடியும்போது பசையும் காய்ந்திருக்கும். உண்மையில், அவசரப்பட்டு ஒரே நாளில் செய்து முடிக்க முயல்பவரின் சுவர்தான் கோணலாகிறது. நேரம் குறைவாக உள்ள மாணவருக்கு இது ஒரு நல்வாய்ப்பு.

அடுத்து, இடம். பலரின் அரை மணி நேரத்தில் பாதி, பொருள்களைத் தேடி எடுப்பதிலும் திரும்ப அடுக்கி வைப்பதிலும் கழிந்துவிடுகிறது. நகரத்து அடுக்குமாடி வீட்டில் இதற்கெனத் தனி மேசை வைக்க இயலாது. ஆனால், ஒரு பெரிய தட்டோ பழைய பிஸ்கட் தகரப் பெட்டியோ போதும். செய்து கொண்டிருக்கும் வேலை, அளவுகோல், பசை, அளவு குறித்த தாள் எல்லாம் அதிலேயே இருக்கட்டும். இழுத்தால் வேலை தொடங்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் தள்ளினால் வேலை முடிய வேண்டும்.

மூன்றாவது, கணக்கு. வாரநாள்களில் மூன்று முறை 20 நிமிடம் செய்தால் ஒரு மணி நேரம் ஆகிறது. சனிக்கிழமையில் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்தால் வாரத்திற்கு இரண்டு மணி நேரம். பத்து வாரத்தில் 20 மணி நேரம் கிடைக்கும். இரண்டு அறைகள் கொண்ட ஒரு லயத்து வீட்டை 1:50 விகிதத்தில் செய்து முடிக்கப் புதிதாகத் தொடங்குபவருக்கும் இது போதுமானது. ஆனால் ஒன்று: எடுத்த ஒன்றை முடித்த பிறகே அடுத்ததைத் தொடங்க வேண்டும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். ஒரே சமயத்தில் நான்கு அம்மிகளைத் தள்ளினால் எதுவும் நகராது.

செலவைக் கண்டும் அஞ்ச வேண்டியதில்லை. கடைகளில் விற்கும் நெகிழி மாதிரித் தொகுப்புகளின் விலை அதிகமாக இருக்கலாம். நம் வீட்டைச் செய்ய மணிலா அட்டை, ஐஸ்கிரீம் குச்சி, காலணிப் பெட்டி, வெண்பசை ஆகியவையே போதும். தகரக் கூரைக்குக்கூடப் பணம் வேண்டாம். பொருள் வரும் பெட்டி அட்டையை இலேசாக ஈரப்படுத்தி மேல்தாளை உரித்தால், உள்ளே அலை அலையான பகுதி தெரியும். அதற்குச் சாம்பல் வண்ணம் பூசினால் அச்சாகத் தகரக் கூரையே. அட்டையை வெட்டும்போது இரும்பு அளவுகோலைப் பயன்படுத்துவதும், கத்தியை உடலுக்கு எதிர்ப்புறமாக நகர்த்துவதும் கட்டாயம்.

கைப்பேசியைப் பற்றியும் ஒரு சொல். நேரமில்லை என்று கூறுபவர், ஒரு வாரம் தம் கைப்பேசி காட்டும் திரைநேரக் கணக்கைப் பார்க்கட்டும். அதிலிருந்து நாளொன்றுக்கு 20 நிமிடம் எடுத்தாலும் நம் கணக்கு நிறைவேறிவிடும். கைப்பேசியில் கழித்த 20 நிமிடம் மறுநாள் நினைவில் நிற்பதில்லை. ஒட்டி வைத்த சுவர் மறுநாளும் நிற்கும்.

இதில் பள்ளிகளுக்கும் பங்குண்டு. இடைநிலைப்பள்ளித் தமிழ்மொழிக் கழகங்கள் ஆண்டுக்கு ஒரு மாதிரி உருவத் திட்டத்தை மேற்கொள்ளலாம். தோட்டப்புற மாணவர்கள் தங்கள் லயத்தையோ கோயிலையோ தேர்ந்தெடுக்கட்டும். நகரத்து மாணவர்களுக்கு, மலாக்கா செட்டி சமூகத்தின் 1781-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் இருக்கிறது. ஒருவர் அளக்கலாம், ஒருவர் வரையலாம், ஒருவர் வெட்டலாம், ஒருவர் ஒட்டலாம். நால்வர் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரம் குறையும். முடித்த உருவங்களை அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியின் நூலகத்தில் வைத்தால், லயத்தையே பார்த்திராத பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று கேள்வி கேட்பார்கள்.

பாடமும் குடும்பக் கடமையும் நம் முதற்பொறுப்புகள். அவற்றைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவற்றுக்கு இடையே கிடைக்கும் 20 நிமிடத்தை அளந்து எடுத்துப் பயன்படுத்துங்கள் என்றுதான் சொல்கிறேன். இவ்வாரம் பசையோ கத்தியோ தேவையில்லை. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு தாத்தா பாட்டியின் அருகில் அமருங்கள். “தாத்தா, நீங்கள் இருந்த லயத்தில் வாசல் எந்தப் பக்கம்? அடுப்படி எங்கே இருந்தது?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல வரைந்துகொள்ளுங்கள். அந்த முதல் 20 நிமிடத்திலேயே உங்கள் மாதிரி உருவத்திற்கு அடித்தளம் போட்டாகிவிடும்.